முதல் ஜப்பானிய வாள்: பெயரை நம்பி வாங்குவதா, காகிதத்தை நம்பி வாங்குவதா?

பழைய ஜப்பானிய வாள் ஒன்று வாங்க வேண்டும், கையில் மூன்று நான்கு லட்சம் யென் இருக்கிறது, எதை வாங்கட்டும் என்று கேட்பவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே இரண்டு வாள்களுக்கு நடுவில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒன்றில் கொல்லரின் பெயர் வெட்டப்பட்டிருக்கும், அதுவும் நாம் கேள்விப்பட்ட பெயராக இருக்கும், ஆனால் கூடவே எந்தச் சான்றும் வராது. இன்னொன்றில் பெயரே இருக்காது, ஆனால் டோக்கியோவில் உள்ள வாள் பாதுகாப்புச் சங்கத்தின் காகிதம் கூட வரும். இரண்டுக்கும் விலை ஏறக்குறைய ஒன்றுதான். மனசு முதலாவதை நோக்கித்தான் ஓடும், பெயர் இருக்கிறதே! நான் இரண்டாவதைத்தான் வாங்கச் சொல்வேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், மற்ற வழிகளையும் (போர்க்கால வாள், புது வாள், வாளின் உறுப்புகள்) பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

முதலில் அந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஜப்பானிய வாளில் கொல்லர் தன் பெயரை வெட்டுவது அலகில் இல்லை, கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியில். அதற்கு நக்காகோ என்று பெயர். ஒரு மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தால் கைப்பிடி கழன்று நக்காகோ வெளியே வரும். அதில் உளியால் வெட்டிய பெயர்தான் மேய். பெயர் இல்லாதது முமேய். பொய்ப் பெயர் வெட்டியது கிமேய். இந்த மூன்று சொற்களும் தெரிந்தால் பாதி விளம்பரங்களைப் புரிந்துகொள்ளலாம்.

ஒரு வாளில் போலி செய்ய மிகவும் சுலபமான இடம் இந்தப் பெயர்தான். எஃகை மடித்து மடித்து அடித்து, களிமண் பூசிக் காய்ச்சி, தண்ணீரில் தோய்த்து (நம் ஊர்க் கொல்லர்கள் தோய்ச்சல் என்கிறார்களே, அதேதான்) நல்ல வாள் ஒன்றை உண்டாக்க ஒரு மனிதனுக்கு வாழ்நாள் பயிற்சி வேண்டும். இருக்கிற வாளில் நான்கு எழுத்து வெட்ட ஓர் உளியும் ஒரு மாலைப் பொழுதும் போதும். இது இணைய ஏலம் வந்த பிறகு தொடங்கிய ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். எதோ காலத்தில் (17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, இன்றைய டோக்கியோவான எதோ நகரத்திலிருந்து ஷோகன்கள் என்ற படைத்தலைவர்கள் ஆண்ட காலம்) பிரபுக்கள் ஒருவருக்கொருவர் வாள் பரிசளித்துக்கொள்வது வழக்கம், பரிசுக்குப் பெரிய பெயர் வேண்டும், ஹோனாமி குடும்பத்தார் மதிப்புச் சொல்லி எழுதிய ஓலையும் வேண்டும். தேவை இருந்தது, சரக்குப் போதவில்லை, அவ்வளவுதான். எதோவின் கடைசிக் காலத்தில் காஜிஹெய் என்று அழைக்கப்பட்ட ஒருவர் இருந்தார், தைகேய் நாவோதானேயிடம் தொழில் கற்ற நல்ல கொல்லர். அவர் இன்று நினைவில் இருப்பதோ மற்றவர்களின் பெயரை அவ்வளவு நேர்த்தியாக வெட்டியதற்காக.

கோதெட்சுவை எடுத்துக்கொள்ளுங்கள். 17ஆம் நூற்றாண்டில் கவசம் செய்துகொண்டிருந்தவர், ஐம்பதை நெருங்கும் வயதில் எதோ நகரத்துக்கு வந்து வாள் அடிக்கத் தொடங்கி, அந்தக் காலத்தின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றாக ஆனவர். கோதெட்சு என்று பார்த்தால் போலி என்று நினைத்துக்கொள் என்பது ஜப்பானிலேயே வழங்கும் பேச்சு. எதோவின் கடைசி ஆண்டுகளில் கியோத்தோவில் காவல் பார்த்த ஷின்சென்குமி என்ற வாள்வீரர் படையின் தலைவர் கோண்டோ இசாமி தன் வாள் கோதெட்சு என்றுதான் நம்பினார், அது போலியாகத்தான் இருந்திருக்கும் என்பது பலருடைய கருத்து. வாளைப் பிடித்தே வாழ்ந்த ஒருவருக்கே அந்த நிலைமை. கோதெட்சு தன் பெயரில் வரும் புலி என்ற எழுத்தை முதலில் ஒரு விதமாகவும் (கடைசிக் கோடு துள்ளி மேலெழும்), பிறகு பெட்டி போலச் சதுரமாகவும் வெட்டினார், இந்த மாற்றம் எந்த ஆண்டுவாக்கில் நடந்தது என்பதுவரை ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள். ஆக, பெயரைச் சரிபார்ப்பது என்பது எழுத்தைப் படிப்பதோடு முடிவதில்லை. உளி எந்தப் பக்கம் சாய்ந்தது, எந்தக் கோட்டை எங்கே தொடங்கினார், அந்த வயதில் அவர் கை எப்படி இருந்தது என்று அசலான வாள்களின் படங்களோடு கோடு கோடாக ஒப்பிட வேண்டும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எதோ காலத் தொடக்கத்தில் எச்சிசென் யசுட்சுகு என்ற கொல்லர் அந்த ஆட்சியைத் தொடங்கிய ஷோகன் தொகுகவா இயெயாசுவுக்கு வேலை பார்த்தார், இயெயாசு தன் பெயரிலிருந்து யசு என்ற எழுத்தையும் தன் குடும்பத்தின் மூவிலைச் சின்னத்தையும் அவருக்குக் கொடுத்தார். யசுட்சுகு தன் வாள்களில் நன்பன் இரும்பு கொண்டு செய்தது என்று வெட்டுவார். நன்பன் என்றால் தெற்கிலிருந்து வந்த அந்நியர்கள், அதாவது கப்பலில் வந்த ஐரோப்பியர்கள் கொண்டுவந்த இரும்பு. அந்த இரும்பில் கொஞ்சம் இந்தியக் கரையிலிருந்தும் போயிருக்கலாம் என்று எங்கோ படித்த நாளிலிருந்து, உருக்கு என்ற சொல்லைச் சொல்லி வளர்ந்த எனக்கு அந்த வாள்மேல் ஒரு ஆசை ஒட்டிக்கொண்டது. ஏலத்தில் ஒரு வாகிஸாஷி (குட்டை வாள்) வந்தது, மூவிலைச் சின்னம் இருந்தது, நன்பன் இரும்பு என்ற எழுத்து இருந்தது, காகிதம் இல்லை. வாங்கினேன். ஷின்சாவுக்கு (நிபுணர் குழு முன் வாளை வைத்துக் கருத்துக் கேட்பது) கொடுத்தபோது கிமேய் என்று திருப்பிவிட்டார்கள். அதன்பிறகு ஒரு விளக்கடியில் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தேன். நக்காகோ முழுவதும் ஆழ்ந்த கருப்புத் துரு, ஆனால் எழுத்தின் பள்ளத்துக்குள் இருந்த துருவோ வேறு நிறம், செம்மை கூடியது, இலை நரம்புகளின் விளிம்புகள் விரலில் உரசின. நானூறு வருஷத்து வெட்டாக இருந்தால் விளிம்பு மழுங்கி, பள்ளமும் மேடும் ஒரே துருவாக ஆகியிருக்க வேண்டும். இவ்வளவும் விற்றவர் போட்ட படத்திலேயே தெரிந்தது, நான் சின்னத்தைப் பார்த்தேன், துருவைப் பார்க்கவில்லை.

அந்தத் துருவை எந்தக் காரணத்துக்காகவும் தேய்க்காதீர்கள். வாங்கிய வாளின் நக்காகோவைப் பளபளவென்று ஆக்கி, சுத்தம் செய்துவிட்டேன் என்று படம் போடுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வாளின் வயதுச் சான்று அந்தத் துருவும், அதற்கு அடியில் தெரியும் அரத்தின் கீறல்களும்தான். அரம் எந்தச் சாய்வில் போயிருக்கிறது என்பதை வைத்தே பள்ளியை (ஒரே ஆசானின் வழியில் வந்த கொல்லர் கூட்டத்தை) சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.

சரி, பெயரில்லாத வாள் என்றால் என்ன, தரம் குறைந்ததா? இல்லவே இல்லை. காமகுரா காலத்திலும் நன்போகுச்சோ காலத்திலும் (12ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 14ஆம் நூற்றாண்டுவரை) குதிரை வீரர்களுக்காகச் செய்த தாச்சி வாள்கள் நீளமானவை. பிற்காலத்தில் தரையில் நின்று சண்டை போடும் வழக்கம் வந்தபோதும், எதோ அரசு வாள் நீளத்துக்கு வரம்பு வைத்தபோதும் அவற்றைக் குறைத்தார்கள். முனைப் பக்கம் கைவைக்க முடியாது, அங்கே தோய்ச்சல் கெட்டுவிடும், எனவே நக்காகோவின் அடியிலிருந்துதான் வெட்டினார்கள். அப்போது பெயரும் சேர்ந்து போய்விட்டது. இப்படி முழுக்கக் குறைத்ததை ஓசுரியாகே என்கிறார்கள். ஜப்பானின் மிகப் புகழ்பெற்ற வாள் கொல்லரான மசாமுனேயின் வாள்கள் என்று போற்றப்படுபவற்றில் மிகப் பெரும்பாலானவை பெயரில்லாதவைதான். 2020இல் செதோஉச்சி நகராட்சி மக்களிடம் பணம் திரட்டி 50 கோடி யென் கொடுத்து வாங்கிய சன்ச்சோமோ, உஎசுகி குடும்பத்தின் வாள், ஜப்பானின் தேசியப் பொக்கிஷங்களில் ஒன்று, அதிலும் பெயர் இல்லை. அலகின் வேலைப்பாட்டைப் பார்த்து இச்சிமொஞ்சிப் பள்ளி என்று சொல்கிறார்கள்.

பெயரில்லாத வாளை ஒருவர் அடையாளம் காணும்போது வேறு வழியில்லாமல் வாளைத்தான் பார்க்கிறார், இந்த ஒப்பீட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். வளைவு எங்கே கூடியிருக்கிறது, எஃகின் மேல்தோலில் தெரியும் ரேகை மரத்தின் குறுக்கு வெட்டுப் போல இருக்கிறதா நேர் வரியாக ஓடுகிறதா, தோய்ச்சலின் எல்லைக்கோடான ஹமோன் நேராகப் போகிறதா, அலை அலையாகப் போகிறதா, கிராம்புப் பூ வரிசை போல எழும்புகிறதா, அந்தக் கோட்டில் பனித்துளி போலக் கண்ணில் படும் துகள்கள் இருக்கின்றனவா மூடுபனி போல நுண்மையாக இருக்கிறதா, முனைக்குள் அந்தக் கோடு எப்படித் திரும்புகிறது. யமாஷிரோ, யமாதோ, பிஸென், சோஷூ, மினோ என்ற ஐந்து மரபுகளையும் பிரிப்பதே இவற்றை வைத்துத்தான். பெயருள்ள வாளை வாங்கியவர் பெயரைப் படித்துவிட்டு வாளை மூடிவைத்துவிடுகிறார். பெயரில்லாததை வாங்கியவர் மாதம் ஒருமுறையாவது விளக்கடியில் எடுத்துப் பார்க்கிறார். முதல் வாளிலிருந்து நமக்கு வர வேண்டியது இந்தப் பழக்கம்.

இனி காகிதத்துக்கு வருவோம், ஏனென்றால் அதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. நான் சொல்லும் சங்கம் நிஹோன் பிஜுட்சு தோகென் ஹொஸோன் கியோகாய், சுருக்கமாக என்.பி.டி.எச்.கே., 1948இல் தொடங்கியது, ரியோகோகுவில் உள்ள வாள் அருங்காட்சியகமும் இவர்களுடையதுதான். இப்போது இவர்கள் கொடுப்பவை ஹொஸோன், தொகுபெட்சு ஹொஸோன், ஜூயோ, தொகுபெட்சு ஜூயோ என்று நான்கு படி. நம் பணத்துக்கு முதல் படியே போதும், ஹொஸோன் என்றால் வாள் அசலானது, பாதுகாக்கத் தக்கது, பெயர் இருந்தால் அதை ஏற்கிறோம், இல்லாவிட்டால் இன்ன பள்ளி என்று கருதுகிறோம் என்று அர்த்தம். கிமேய் என்று அவர்கள் நினைக்கும் வாளுக்குக் காகிதம் கிடைக்காது. 1982க்கு முன்னால் வேறு முறை இருந்தது, அந்தக் காலத்துப் பச்சைக் காகிதங்கள் இன்னும் சந்தையில் சுற்றுகின்றன, குறிப்பாகப் பெரிய பெயருக்குப் பச்சைக் காகிதம் என்றால் அனுபவம் உள்ள எவரும் அதை நம்பி விலை கொடுக்க மாட்டார். புதிய ஷின்சாவுக்கு அனுப்பிப் புதிய காகிதம் வாங்கி விற்றால் விற்பவருக்கு நல்ல லாபம் கிடைக்குமே, ஏன் அனுப்பவில்லை என்று கேட்டுப் பாருங்கள்.

பெயரில்லாத வாளுக்குக் காகிதம் இருந்தாலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கிமேய் என்று திரும்பி வந்த வாளின் பொய்ப் பெயரை அரத்தால் எடுத்துவிட்டு, முமேய் ஆக மறுபடி கொடுத்துக் காகிதம் வாங்குவது இந்தத் தொழிலில் சாதாரணமாக நடப்பது. அது ஏமாற்று வேலை இல்லை, வாள் அப்போதும் நல்ல வாள்தான், ஆனால் முதலிலேயே பெயரில்லாமல் பிறந்ததும், நீளம் குறைத்தபோது பெயர் போனதும், பெயரை எடுத்ததும் வேறு வேறு. நக்காகோவில் ஒரு பட்டை மட்டும் துரு வெளிறி, அரக்கீறல் மாறியிருந்தால் அங்கே ஏதோ இருந்தது என்று புரிந்துகொண்டு விலை பேசுங்கள். அப்புறம் உதா, மிஹாரா, புங்கோ தகாதா என்ற பள்ளிகளின் பெயர்கள் காகிதத்தில் அடிக்கடி வரும், பெரிய மரபுகளின் உச்ச வேலை என்று சொல்ல முடியாத, ஆனால் பழமையான, ஒழுங்கான வாள்கள் பல அங்கேதான் போய்ச் சேருகின்றன. முதல் வாளுக்கு எனக்கு அதில் ஒரு ஆட்சேபமும் இல்லை. ஐந்நூறு வருஷத்து எஃகு இந்த விலையில் கிடைப்பது அந்தப் பெயர்களில்தான்.

இன்னொரு காகிதத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஜப்பானில் உள்ள ஒவ்வொரு வாளுக்கும் தோரோகுஷோ என்ற பதிவுச்சீட்டு இருக்கும், மாகாணக் கல்வி வாரியம் கொடுப்பது. அது வண்டிக்கு ஆர்.சி. புத்தகம் மாதிரி, வாளை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு மட்டும்தான் ஆதாரம். அதில் பெயர் எழுதியிருந்தால், நக்காகோவில் அப்படி வெட்டியிருக்கிறது என்பதைத் தாண்டி ஒன்றுமில்லை. அரசு சான்றிதழ் பெற்ற கோதெட்சு என்று இதைக் காட்டி விற்பவர்களிடம் பேச்சையே வளர்க்க வேண்டாம். ஆனால் பதிவுச்சீட்டில் உள்ள நீளமும் ஆணித் துளைகளின் எண்ணிக்கையும் கையில் இருக்கும் வாளோடு ஒத்துப்போகிறதா என்று கட்டாயம் பாருங்கள், ஒத்துப்போகாவிட்டால் பிறகு அலைச்சல் உங்களுக்குத்தான்.

பெயரா காகிதமா என்பதற்கெல்லாம் முன்னால் வாளின் உடல்நிலை இருக்கிறது. வெட்டுவாயிலிருந்து குறுக்காக ஏறும் மயிரிழை விரிசல், ஹகிரே, இருந்தால் அந்த வாள் முடிந்தது, யார் செய்திருந்தாலும் சரி. இதைப் படத்தில் கண்டுபிடிப்பது மிகக் கஷ்டம், விற்பவரிடம் ஹகிரே இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். தீ விபத்தில் தோய்ச்சல் போய், பிறகு மறுபடி தோய்த்த வாள்கள் உண்டு, அவற்றின் மதிப்பு வேறு. பலமுறை மெருகேற்றித் தேய்ந்துபோனவையும் உண்டு, கைப்பிடி தொடங்கும் இடத்தில் வெட்டுவாய்ப் பக்கம் ஒரு சின்னப் படி இருக்கும், அந்தப் படி கரைந்து காணாமல் போயிருந்தால் வாள் தன் உடம்பில் பெரும்பகுதியை இழந்துவிட்டது என்று அர்த்தம், சில இடங்களில் மேல்தோல் போய் உள்ளிருக்கும் மெத்தென்ற இரும்பே தெரியும். துரு பிடித்த வாளை மலிவாக வாங்கி மெருகேற்றிக்கொள்ளலாம் என்ற யோசனை எல்லாருக்கும் வரும். இது சாணை பிடிப்பவரிடம் கொடுக்கும் வேலை இல்லை, இயற்கைக் கற்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து வாரக்கணக்கில் செய்வது, அதற்கென்றே பல வருஷம் பயின்றவர்கள் செய்வது, கூலி பல சமயம் வாளின் விலையையே தாண்டிவிடும். வீட்டில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் நானூறு வருஷத்து வடிவம் ஒரே நாளில் அழிந்துபோகும். எனவே முதல் வாள் ஏற்கெனவே நல்ல மெருகில் இருப்பதாக இருக்கட்டும், பழைய வெண்மரப் பெட்டி உறையான ஷிராசாயாவில் இருந்தால் இன்னும் நல்லது.

கத்தானா வாங்குவதா, வாகிஸாஷி வாங்குவதா என்ற கேள்விக்கு நான் அதிக நேரம் செலவழிக்க மாட்டேன். இரண்டு ஷாகு, அதாவது சுமார் 60 செ.மீ.க்கு மேல் இருந்தால் கத்தானா, ஒன்றிலிருந்து இரண்டு ஷாகு வரை வாகிஸாஷி. எல்லாருக்கும் நீள வாள்தான் வேண்டும், அதனால் அதே கொல்லரின், அதே தரத்து வாகிஸாஷி பல சமயம் பாதிக்கும் குறைவான விலையில் கிடைக்கும். எஃகும் ஹமோனும் ஒன்றுதான். வாகிஸாஷி வாங்குங்கள்.

போர்க்கால வாள் பற்றி. 1930களிலும் 40களிலும் ராணுவ அதிகாரிகளுக்காகத் தொழிற்சாலை எஃகில் ஏராளமாகச் செய்தவை பெரும்பாலும் எண்ணெயில் தோய்த்தவை, மடித்தடித்த எஃகு இல்லை. வரலாற்றுப் பொருளாக அவற்றைச் சேகரிப்பவர்களை நான் மதிக்கிறேன், ஆனால் பழைய ஜப்பானிய வாள் என்ன என்று தெரிந்துகொள்ள அது வழி இல்லை. அதே ராணுவக் கைப்பிடிக்குள் சில சமயம் குடும்பத்துப் பழைய வாள் இருக்கும் என்பது உண்மை, அந்த ஆசையில் வாங்குபவர்கள் நக்காகோவைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. முக்கியமாக, தொழிற்சாலை வாளை மெருகுக்கோ ஷின்சாவுக்கோ ஜப்பானுக்கு அனுப்பாதீர்கள், அதை அங்கே பதிவுசெய்ய முடியாது, திரும்பி வராது.

இன்று வாழும் கொல்லரிடம் புது வாள் செய்யச் சொல்வது முற்றிலும் வேறு வழி. அசலா போலியா என்ற பிரச்சினையே இல்லை, ஷிமானே மாகாணத்தில் 1977இல் மீண்டும் மூட்டிய, தாதாரா என்ற பழைய முறை உருக்கு உலையின் எஃகு, ஐந்து வருஷமாவது ஒரு ஆசானிடம் பயின்று உரிமம் பெற்றவரின் கை, மாதத்துக்கு இரண்டு நீள வாள்தான் செய்யலாம் என்ற வரம்பு. பணம் கூடுதலாக இருந்து, காத்திருக்கும் பொறுமையும் இருந்தால் மனசார வாங்கலாம், ஒரு தொழில் அழியாமல் இருக்க நேரடியாகக் கொடுக்கும் பணம் அது. ஆனால் மூன்று நான்கு லட்சம் யென்னுக்குக் கத்தானா வராது, பழமையைத் தேடி வந்தவருக்கு அது பதிலும் ஆகாது.

வாளே வேண்டாம், உறுப்புகளில் தொடங்குகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். ட்சுபா என்ற கைக்காப்பு, கைப்பிடியின் துணிக்கட்டுக்குள் இருக்கும் மெனுகி, சின்னக் கத்தியின் பிடியான கொசுகா, இவற்றுக்கெல்லாம் பதிவுச்சீட்டு வேண்டாம், சுவரில் மாட்டவும் வேண்டாம், உள்ளங்கையில் வைத்துப் பார்க்கலாம். வாளில் ஒரு தவறுக்குக் கொடுக்கும் பணத்தில் இங்கே நாலைந்து தவறு செய்து பாடம் படித்துக்கொள்ளலாம். கோதோ குடும்பத்தார் முரோமாச்சி காலத்தில் (எதோவுக்கு முந்தியது) யூஜோ என்பவரில் தொடங்கி எதோ முடியும்வரை தலைமுறை தலைமுறையாகச் செய்தது ஷாகுதோ என்ற உலோகத்தில், செம்பில் சில சதவீதம் தங்கம் கலந்து, மருந்துநீரில் கொதிக்கவைத்தால் மயில்கழுத்துக் கருநீலம் ஒன்று வரும், அதன்மேல் மீன்முட்டை போல ஒரே அளவுப் புள்ளிகளை வரிசையாக அடித்திருப்பார்கள். கண்ணாடி வைத்துப் பார்க்கும்போது அந்த வரிசை கோணாமல் போகிறதா என்பதே தரத்தின் முதல் அடையாளம்.

எனக்கு இரும்பு ட்சுபாதான் பிடிக்கும். ஓவாரி, அகாசாகா, ஹிகோ பக்கத்து வேலைகளில், வெறும் இரும்புத் தகட்டில் துளைத்து எடுத்த ஒரு கொக்கோ ஒரு சக்கரமோ, அவ்வளவுதான் இருக்கும். இங்கே அசலா என்று பார்ப்பது வாளைவிடக் கைக்கு நெருக்கமான வேலை. மீஜி காலத்துக்குப் (1868இல் தொடங்கியது) பிறகு வார்ப்பில் செய்த பிரதிகள் ஏராளம், வார்த்ததில் துளையின் உட்சுவரில் மெல்லிய கோடு ஓடும், மேற்பரப்பில் குமிழ் வெடித்த ஊசித்துளைகள் தெரியும், அடித்துச் செய்த பழைய ட்சுபாவை நூலில் தொங்கவிட்டு நகத்தால் தட்டினால் மணி போல ஒரு நீண்ட ஒலி வரும், வார்ப்பு பெரும்பாலும் மொட்டையாக ஒலிக்கும். வாள் நுழையும் நடுத்துளையின் ஓரத்தில் உளி அடிச்சுவடுகளும் பொருத்திப் பொருத்தி எடுத்த தேய்மானமும் இருந்தால் அது உண்மையில் ஒரு வாளில் ஏறி இறங்கியது என்று தெரியும், சுற்றுலாப் பயணிக்காகச் செய்ததில் அந்த ஓரம் கன்னிபோல இருக்கும். நோபுஇயே என்ற பெயர் வெட்டிய ட்சுபா எவ்வளவு பார்த்தாலும் மயங்காதீர்கள், வாளில் கோதெட்சு எப்படியோ ட்சுபாவில் அவர் அப்படி. இங்கேயும் பெயரில்லாத, சங்கத்தின் ஹொஸோன் காகிதம் பெற்ற இரும்பு ட்சுபா ஒன்று, பெயருள்ள காகிதமில்லாத மூன்றைவிட மேல். பழைய இரும்பின் நிறம் ஊதா கலந்த கருப்பு. செந்துரு இருந்தால் கொம்பு அல்லது எலும்புத் துண்டால் மெல்லத் தட்டித் தேய்த்து எடுக்கலாம், கம்பித் தூரிகையும் துரு நீக்கும் திரவமும் அருகிலேயே வரக் கூடாது.

எங்கே வாங்குவது? ஜப்பானில் நிலையான கடை வைத்திருக்கும் வணிகரிடம். ஏலத்தைவிட விலை கூடத்தான் இருக்கும், அந்தக் கூடுதல் பணம் திருப்பிக்கொடுக்கும் உறுதிக்கும், ஏற்றுமதி வேலைக்கும் போகிறது, அது தண்டச்செலவு இல்லை. வாள் ஜப்பானை விட்டு வெளியேற கலாசார முகமையின் அனுமதிச் சான்று வேண்டும், பதிவுச்சீட்டைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும், இதெல்லாம் முடியச் சில வாரங்கள் ஆகும், நல்ல வணிகர் இதைத் தானே பார்த்துக்கொள்வார். உங்கள் நாட்டில் வாளை இறக்க என்ன விதி, என்ன வரி என்பதைப் பணம் அனுப்புவதற்கு முன்னால் சுங்கத்தில் எழுதிக் கேட்டுவிடுங்கள், வந்த பிறகு கேட்க வேண்டாம். வாய்ப்பிருந்தால் நவம்பரையொட்டி டோக்கியோ ஷின்பாஷியில் நடக்கும் பெரிய வாள் சந்தைக்குப் போகலாம், ஒரே கூரையின் கீழ் அத்தனை வாள்களைப் பார்க்கிற அனுபவம் வேறு எங்கும் கிடைக்காது, வாங்காமல் வந்தாலும் போன செலவுக்குக் கண் தேறிவிடும். போக முடியாதவர்கள் அருகில் இருக்கும் அருங்காட்சியகத்தில், நியூயார்க், பாஸ்டன், லண்டன் என்று எங்கே இருந்தாலும், நல்ல வாள் ஒன்றின் முன் அரை மணி நேரம் நின்று, முழங்காலை மடக்கி நிமிர்ந்து, விளக்கு ஹமோனில் வழுக்கிப் போகிற கோணத்தைத் தேடிப் பாருங்கள். அமிலம் தடவி உண்டாக்கிய போலி ஹமோன் அதற்குப் பிறகு உங்களுக்குச் சுண்ணாம்பு அடித்தது போலத் தெரியும்.

கடைசியாக வாங்கப் போகும் நேரத்தில் ஒரே ஒரு படம் கேளுங்கள். கைப்பிடி கழற்றிய நக்காகோவும், அதன் பக்கத்தில் சங்கத்தின் காகிதமும், இரண்டும் ஒரே படத்தில், பகல் வெளிச்சத்தில். காகிதத்தில் நக்காகோவின் புகைப்படம் ஒட்டி முத்திரை குத்தியிருப்பார்கள், துருவின் ஓரம், ஆணித் துளை இருக்கும் இடம், அடிநுனியின் வடிவம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும், ஏனென்றால் ஒரு வாளின் காகிதத்தை இன்னொரு வாளோடு சேர்த்து விற்பதும் நடக்கிறது. நேர்மையான வணிகர் அன்றைக்கே அனுப்பிவிடுவார். கைப்பிடி கழற்ற வராது, காகிதம் வேறு இடத்தில் இருக்கிறது, இன்னொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் சீக்கிரம் சொல்லுங்கள் என்று பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த வாளைப் பாருங்கள்.